கேற்றடி வெளிச்சம்

தெல்தெனிய,
ஜனவரி 28.

அன்புள்ள மருமகன் ஃபாஸில் அறிய,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே மாமி, அம்னா, நான் மூவரும் இருந்தபடி இருக்கிறோம். அங்கே உங்களுடைய உடம்புக்கும் வேலைக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்பது எங்களுடைய ஒவ்வொரு நேரத் தொழுகையிலும் இருக்கிறது.

லீவில் வந்திருந்த உங்கள் நண்பர் ரஸீன் நாளை மறுநாள் கட்டாருக்குத் திரும்புகிறார். அவர் கையில் இந்தக் கடிதத்தையும் மாமி வறுத்து இடித்த கறித்தூளையும் கொடுத்து விடுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். சில கிழமைகளாக அம்னா எடுக்கும்போதெல்லாம் அது அடித்து அடித்து ஓய்ந்துவிடுகிறது. அனுப்பிய செய்திகளை நீங்கள் பார்த்ததற்கு அடையாளம் விழுகிறதாம், பதில் மட்டும் இல்லையாம். வேலை நேரம் மாறியிருக்கும், களைப்பாக இருக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஊரார் பிள்ளைகளுக்கு ஆயுள் முழுவதும் சமாதானம் சொன்ன வாய் இது. சொந்த மகளுக்குச் சொல்லும்போதுதான் தடுமாறுகிறது.

ஊர்ப் புதினம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. மழை விட்டுவிட்டது. மேல் வளவுத் தோட்டத்தில் போஞ்சிக் கொடி பூத்திருக்கிறது. கறிமிளகாயில் இலை சுருளும் நோய் கொஞ்சம். இனி மோட்டர் போட்டுத்தான் தண்ணீர் கட்ட வேண்டும். அதை நினைத்து எல்லாரும் இப்போதே கணக்குப் பார்க்கிறார்கள். கரண்ட் கட்டணம் ஏறிய ஏற்றம் உங்களுக்கே தெரியும்.

போன வருடம் விவசாய சங்கத்தார் என்னைக் கூப்பிட்டு, மின்சாரத்தைச் சிக்கனமாகப் பாவிப்பது பற்றி ஒரு பேச்சுப் பேசச் சொன்னார்கள். கரும்பலகை கூட வைத்துக் கொடுத்தார்கள். மஃரிப் தொழுகைக்குப் பிறகு மோட்டர் போடாதீர்கள், பிரிட்ஜை அடிக்கடி திறக்காதீர்கள் என்று படம் கீறி விளக்கினேன். எல்லாரும் தலையை ஆட்டினார்கள், பிளேன்டீ குடித்தார்கள், மண்டபத்தில் இருந்த மின்விசிறியையும் லைட்டுகளையும் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். ஒவ்வொன்றாக நான்தான் நிறுத்திவிட்டு வந்தேன்.

அவர்கள் படித்தது என்னிடம் அல்ல, அம்னாவிடம். ஓகஸ்டில் கிணறுகள் அடியைத் தொட்டபோது எங்கள் பக்கத்து நாலு வீட்டில் மூன்று வீட்டு மோட்டரும் தண்ணீரை இழுக்காமல் காற்றைத்தான் இழுத்துக்கொண்டிருந்தன. கீழ் வளவு புஷ்பத்தின் கிணற்றில் மட்டும் ஊற்று வற்றவில்லை. அம்னா போய் அவளோடு கதைத்து, அந்த ஒரு கிணற்றில் ஒரு மோட்டர் போட்டு, விடியற்காலையில் எங்கள் மேல் வளவுத் தண்ணீர்த் தாங்கியை நிரப்புவதென்றும், அங்கிருந்து நாலு வளவுக்கும் முறை வைத்துக் குழாயில் இறக்குவதென்றும் ஏற்பாடு செய்தாள். புஷ்பம் முதலில் சேர்ந்தாள். அடுத்த வீட்டு பஸ்னா ஒரு கிழமை வேலியோரம் நின்று பார்த்தாள், பிறகு அவளும் சேர்ந்தாள். பஸ்னா சேர்ந்ததும் அவளுடைய மதினி வராமல் இருப்பாளா?

குழாய் வழியே தண்ணீர் மட்டும் போகவில்லை. சோறு கொதி வந்ததும் சட்டியை இறக்கி வைக்கோல் அடைத்த பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவாள் அம்னா. மிச்சத்தை அந்தச் சூடே வேக வைத்துவிடும். ரைஸ் குக்கர் அலுமாரிக்கு மேலே ஏறிவிட்டது. தண்ணீர் முறைக்காக வந்த பஸ்னா குசினிக்குள் எட்டிப் பார்த்தாள். அடுத்த கிழமை அவள் வீட்டிலும் ஒரு வைக்கோல் பெட்டி. வகுப்பில் கொப்பிக்கு உறை போடச் சொல்லி நான் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன், ஒருவரும் போட மாட்டார்கள். முன் வரிசை வாங்கில் ஒரு பிள்ளை போட்டுக்கொண்டு வந்தால் ஒரு கிழமைக்குள் வகுப்பு முழுவதும் போட்டுவிடும். மனிதர் பெரியவர்களானாலும் அந்த வாங்கில்தான் இருக்கிறார்கள்.

நீங்கள் கட்டிய வாசல் கேற்றின் தூண்களில் இருக்கும் இரண்டு உருண்டை லைட்டுகளையும் அம்னா நிறுத்திவிட்டாள். ஏனென்று கேட்டதற்கு, “அவர் அங்க வெயில்ல நின்டு வேல செய்ற, வாப்பா. இங்க ஆருமில்லாத ரோட்டுக்கு என்னத்துக்கு விடிய விடிய வெளிச்சம்?” என்றாள். எனக்கும் சரியென்று பட்டது. பஸ்னாவும் இன்னும் இரண்டு வீட்டாரும் அவளைப் பார்த்துத் தங்கள் கேற் லைட்டுகளை நிறுத்தியிருக்கிறார்கள். உங்கள் மனைவியைப் பார்த்து ஊர் ஒரு நல்ல பழக்கம் பழகுகிறது என்றால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்பதால்தான் இவ்வளவு நீட்டி எழுதினேன்.

நேரம் கிடைத்தால் அவளுக்குப் போனில் ஒரு கோல் எடுங்கள், மகன். இரண்டு நிமிடம் போதும்.

உங்கள் நலத்துக்கு என்றும் துஆச் செய்யும்
மாமா பாரூக்.


தெல்தெனிய,
பெப்ரவரி 11.

அன்புள்ள மருமகன் ஃபாஸிலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்களுக்குச் சுகத்தையும் மன அமைதியையும் அல்லாஹ் தரட்டும். இரண்டாவதைக் கொஞ்சம் அழுத்திக் கேட்கிறேன்.

ரஸீன் எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார். கடிதத்தை வாசித்துவிட்டு நீங்கள் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதியிருந்தார். “மாமா ஊருக்கெல்லாம் கரண்ட் மிச்சம் புடிக்கப் படிச்சிக் குடுக்கட்டும். என்ட கேற்றுல வாணாம்.” திரும்பத் திரும்ப வாசித்தேன். கோபம் விளங்கியது, காரணம் விளங்கவில்லை.

காரணத்தை பஸ்னாதான் வந்து சொன்னாள். அதுவும் பின் வாசலால் வந்து, மாமியிடம். “மாமி, நா செல்றதுக்குக் கோவிக்க வாணாம். ஊருல என்ன கத தெரியுமா? ஃபாஸில் நானா காசு அனுப்புறல்லயாம். பவாஸ் மாதிரி அங்க ஒன்ட வெச்சிக்கிட்டாராம். வெளிநாட்டுக்காரன்ட கேற்றுல லைட் இல்லாட்டி வேற என்ன அர்த்தம் என்டு கேக்குற.” மாமி அவளை ஏசப் பார்த்திருக்கிறார். “என்ன ஏசி என்ன செய்ற, மாமி? இத எனக்கு டோஹாவுல இருந்து என்ட ஊட்டுக்காரர்தான் செல்லுற,” என்றாளாம்.

பிறகுதான் எனக்கு உறைத்தது. இந்த ஊரில் வெளிநாட்டில் இருப்பவனின் நிலைமையை யாரும் அவன் வீட்டில் கேட்பதில்லை. கேற்றைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள். அவன் போன முதல் வருடத்தில் மதில் எழும்பும், இரண்டாம் வருடத்தில் கேற், பிறகு தூணில் இரண்டு லைட். அது விடிய விடிய எரிந்தால் அவன் நன்றாக இருக்கிறான். பவாஸ் அங்கே இன்னொரு குடும்பமாகி, இங்கே காசு நின்றபோது முதலில் இருண்டது அவனுடைய கேற்தான். அவனுடைய மனைவி, அந்தப் பிள்ளை, தாய் வீட்டுக்குப் போகும்வரை அது எரியவேயில்லை. ஊர் அதை மறக்கவில்லை. அம்னாவுக்கோ எனக்கோ அந்த யோசனையே வரவில்லை.

எங்கள் பாதையால் போன ஒரு கலியாண ஊர்வலத்தை யாரோ வாகனத்தில் இருந்தபடி வீடியோ எடுத்து உங்கள் வட்ஸ்அப் குழுவில் போட்டதையும் பஸ்னா காட்டினாள். பாதை நெடுக வெளிச்சம், எங்கள் கேற்றுக்கு முன்னால் வரும்போது மட்டும் பல் விழுந்த இடம்போல இருட்டு. பஸ்னாவும் மற்ற இரண்டு வீட்டாரும் கலியாணத்துக்கென்று அன்றைக்குத் தங்களுடையதைப் போட்டிருக்கிறார்கள். எங்களுக்கு அது தோன்றவில்லை. அதன் கீழே உங்கள் நண்பர்கள் எழுதியிருந்ததையும் வாசித்தேன். “மச்சான், ரெண்டாவது கலியாணச் சாப்பாடு எப்ப?” என்று ஒருவர். “ஃபாஸிலுக்கு சம்பளம் இல்லயா, சந்தா போடுவமா?” என்று இன்னொருவர். எட்டுப் பேர் படுக்கும் அறையில், வேலை முடிந்து வந்த களைப்பில், அந்தச் சிரிப்புக்கு நடுவில் நீங்கள் சாப்பிட உட்கார்ந்திருப்பீர்கள். அந்த இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். உங்கள் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒரு உதாரணம் சொல்ல விடுங்கள், எனக்கு அது இல்லாமல் கதைக்க வராது. பன்விலையில் படிப்பித்த காலத்தில் என் வகுப்பில் ஒரு பிள்ளை, புதுச் சப்பாத்து வாங்காமல் பழையதை அழகாகத் தைத்துப் போட்டுக்கொண்டு வந்தான். தைத்த பிறகு ஒரு கிழிசலும் தெரியாத சப்பாத்து. இடைவேளைக்குள் மற்றப் பிள்ளைகள், “ஒங்க அப்பாவுக்கு வேல போயிருச்சா?” என்று கேட்டுவிட்டார்கள். போகவேயில்லை. மறுநாள் அவன் அண்ணனுடைய புதுச் சப்பாத்து காலைக் கடிக்க, நொண்டிக்கொண்டு வந்தான். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சிக்கனமும் இல்லாமையும் ஒரே முகமாகத்தான் தெரிகிறது. உள்ளே இருப்பவனுக்குத்தான் வித்தியாசம் தெரியும். அந்த வீட்டுக்கு உள்ளே இருக்க வேண்டியவர் நீங்கள்.

இப்போது ஊர் இருக்கும் கோலத்தைக் கேளுங்கள். நாலு கேற் இருண்டதில் மூன்று திரும்பவும் எரிகிறது, முன்னைவிடப் பிரகாசமாக. பஸ்னா வீட்டில் மினுங்கும் லைட் வேறு கட்டியிருக்கிறார்கள். உங்களோடு ஒரே அறையில் இருக்கும் அவளுடைய கணவர் நளீர், “அந்த ஊட்டோட சேராத, நானும் அனுப்புறல்ல என்டு செல்லுவானுகள்,” என்று சொல்லியிருக்கிறார். அதனால் அவள் தாங்கியிலிருந்து தன் குழாயையும் கழற்றிக்கொண்டாள். மதினியும் கழற்றினாள். திரும்பவும் ஆளுக்கொரு மோட்டர், திரும்பவும் காற்று. ஒரு சிரிப்பான விஷயம், அந்த வீடுகளில் வைக்கோல் பெட்டி மட்டும் போகவில்லை. அதை யாரும் பாதையிலிருந்து பார்க்க முடியாதே. முன்னால் பெருநாள், பின்னால் சிக்கனம்.

எனக்குச் சலிப்பாக இருக்கிறது, மகன். ஒரு நல்ல காரியம் வீடு வீடாகப் போவதற்கு ஆறு மாதம் எடுத்தது. ஒரு வீடியோ அதை ஒரு பின்னேரத்தில் திருப்பிக் கொண்டுவந்துவிட்டது. இரண்டும் போனது ஒரே வழியால்தான், ஒருவரை ஒருவர் பார்த்து.

அம்னாவுக்கு இது ஒன்றும் இன்னும் தெரியாது. பஸ்னா ஏன் முகத்தைத் திருப்புகிறாள் என்று கேட்கிறாள். மாமியும் நானும் ஏதேதோ சொல்லிச் சமாளிக்கிறோம். அவளுக்கு இதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள். அவள் செய்தது உங்களைக் குறைப்பதற்கல்ல என்று சொல்ல வேண்டியவள் அவள். நடுவில் நான் எத்தனை கடிதம் எழுதினாலும் அது வாத்தியாருடைய பேச்சாகத்தான் இருக்கும்.

இதைத் தபாலில் போடுகிறேன். குழுவில் யாருக்கும் காட்ட வேண்டாம்.

உங்கள் பதிலை எதிர்பார்த்து இருக்கும்
மாமா பாரூக்.


தெல்தெனிய,
மார்ச் 5.

அன்புள்ள மகன் ஃபாஸில்,

அஸ்ஸலாமு அலைக்கும். தபாலில் அனுப்பினால் நோன்புக்கு முன் கிடைக்காது. அதனால் எழுதிய தாள்களைப் படம் எடுத்து ரஸீனுக்கு அனுப்புகிறேன். தான் வாசிக்காமல் உங்களிடம் காட்டுவதாக வாக்குத் தந்திருக்கிறார். நல்ல பிள்ளை, வாசிக்காமல் இருப்பது அவருக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் ராத்தா நாவலப்பிட்டியிலிருந்து வந்திருந்தார். கண்டியில் பஸ் மாறி, அந்த வெயிலில் ஏறி வந்தவர், மாமி வைத்த தேத்தண்ணீரைத் தொடவில்லை. அம்னாவையும் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டுத்தான் சொன்னார். “நா தூது மட்டுந்தான், என்னோட கோவிக்க வாணாம். நோன்பு தொடங்க முந்தி கேற்றுல லைட் எரியணுமாம். இல்லாட்டி தம்பி லீவுல எங்கட ஊட்டுக்குத்தான் வருவாராம், இந்தப் படி ஏற மாட்டாராம். பொறகு தலாக்குக்குக் காதியார்ட்ட போறதா இல்லயா என்டு யோசிப்பாராம்.”

அப்படித்தான், மகன், அம்னாவுக்கு எல்லாம் தெரிய வந்தது. வீடியோ, பவாஸுடைய கதை, நளீர் சொன்னது, உங்களுடைய கோபம், கடைசியில் காதியார், எல்லாம் ஒரே இருப்பில். ராத்தாவைக் குறை சொல்ல மாட்டேன். சொல்லி முடித்துவிட்டு அவரும் அழுதார்.

அவர் போன பிறகு மாமி, “ஒரு லைட்டுக்கு இவ்வளவு கதயா? போடு புள்ள,” என்றார். பின் வாசலில் நின்ற பஸ்னாவும், “போடு ராத்தா, மிச்சத்த குசினியில புடிச்சிக்குவோம்,” என்றாள். அவளும் எத்தனை நாளைக்குத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பாள்? அம்னா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

எனக்கு வாதாடத் தெம்பில்லை. எது சரி, எது பிழை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லியே களைத்துப்போனேன். மஃரிபுக்குக் கைகால் கழுவி வுழூச் செய்துவிட்டு வந்தவன், நானே போட்டுவிடலாம் என்று சுவிட்சுக்குக் கிட்டப் போனேன். அம்னா தடுக்கவில்லை. இருந்த இடத்தில் இருந்தபடியே சொன்னாள்.

“நா போட மாட்டேன்டு செல்லல்ல, வாப்பா. அவர் எனக்கிட்ட செல்லட்டும். ரஸீன் நானாக்கிட்ட செல்ல ஏலும், ராத்தாக்கிட்ட செல்ல ஏலும், எனக்கு ஒரு கோல் எடுக்க ஏலாதா? ஏசுறதுக்கென்டாலும் எடுக்கட்டும். எடுத்து, போடு அம்னா என்டு ஒரு சொல்லு செல்லட்டும். நா ஒடனே போடுறேன்.”

நான் கையை எடுத்துக்கொண்டேன்.

அவள் கேட்பது அவ்வளவுதான், மகன். நீங்கள் தோற்க வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. லைட் எரியத்தான் போகிறது. உங்கள் கேற், உங்கள் விருப்பம். ஆனால் அது ராத்தாவுடைய சொல்லுக்கும் ஊருடைய வாய்க்கும் பயந்து எரிந்தால், அந்த வெளிச்சத்தைப் பார்த்து நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள் என்று ஊர் நினைக்கும். அம்னா என்ன நினைப்பாள் என்று எனக்கு எழுத வரவில்லை.

மற்றபடி, போஞ்சி இந்த முறை சந்தைக்குப் போகுமளவுக்கு இல்லை. கடைசி வரிசைகள் காய்ந்துவிட்டன. புஷ்பம், “நீ மோட்டரப் போடு புள்ள, நாம ரெண்டு பேருக்கும் அது போதும்,” என்கிறாள். இரண்டு வளவுக்காக அந்த மோட்டரை ஓட்ட அம்னாவுக்கு மனமில்லை. காலையில் பிளாஸ்டிக் கானில் தண்ணீர் சுமந்து கறிமிளகாய்க்கு மட்டும் ஊற்றுகிறாள். வேண்டாம் என்றால் கேட்கிறாளில்லை. போன கிழமை நான் ஒரு கான் தூக்கிப் பார்த்தேன், அன்றிலிருந்து முழங்காலுக்கு மாமி எண்ணெய் பூசுகிறார்.

நோன்பு வருகிறது. ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு நோன்புக்குள் போவது நம்முடைய வழக்கம். என் கடிதங்களில் உங்கள் மனம் நோகும்படி ஏதும் வந்திருந்தால் மன்னித்துவிடுங்கள். உதாரணங்கள் கூடிப்போயிருந்தால் அதற்கும் சேர்த்து. உங்கள் மீது எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. நீங்கள் உழைப்பதையும் பொறுப்பதையும் நான் அறிவேன். அல்லாஹ் உங்கள் நெஞ்சை இளக்கி, உழைப்பில் பரக்கத்தைத் தந்து, சுகமாக இந்த வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

எந்த நேரம் எடுப்பது என்று யோசிக்க வேண்டாம். உங்களுக்கு ஓய்வு கிடைக்கும் நேரம் இங்கே அவள் வளவில் நிற்கும் நேரமாக இருந்தாலும் பரவாயில்லை. தண்ணீர் ஊற்றப் போகும்போது போனை ஒரு ஷொப்பிங் பேக்கில் சுற்றி, நனையாதபடி இடுப்பில் கட்டிக்கொண்டுதான் போகிறாள்.

துஆவுடன்,
அம்னாவின் வாப்பா.